முதுகு வரைந்த டீச்சர்

சென்னையில் ஒரு மியூசியத்தில் அந்தம்மாவின் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். இளவயதிலிருந்து கடைசிவரை வரைந்ததையெல்லாம் தேடிப் பிடித்து ஒரே இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வாசலில் ஒரு புத்தகம் தருகிறார்கள். 'இவருடைய பெண்கள் ஆண்களின் உலகத்துக்கு முதுகு காட்டி நிற்பவர்கள்' என்று அதில் போட்டிருக்கிறது. எழுதியவர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்கலாம். எழுதியது தப்பு. அந்தப் பெண்களில் பன்னிரண்டு பேருக்கு ரவிக்கை தைத்தவள் நான். ஒருத்தியும் எந்த உலகத்துக்கும் முதுகு காட்டவில்லை. முகத்தை வரையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அந்தம்மா முதுகை வரைந்தார்.

அப்போது எங்கள் ஊரில் ஒரு முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினால் அந்த ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம். கண்ணாடிமேல் பொட்டு வைப்பார்கள், மாலை போடுவார்கள், மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியும். பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் சின்ன போட்டோ வேறு. சுவர் அகலத்துக்கு மூஞ்சியைத் தீட்டுவது வேறு. அந்தம்மா போய், "ஒங்களை வரையட்டுமா?" என்று கேட்டால், "சட்டத்துக்குள்ள போக எனக்கு இப்ப என்ன அவசரம் டீச்சர்?" என்பார்கள்.

இதைச் சொல்லிச் சண்டை போட நான் சென்னைக்குப் போகவில்லை. ஒரே ஒரு படத்தைப் பார்க்கப் போனேன். என் அக்கா வள்ளிக்கண்ணுவை அந்தம்மா வரைந்த படம். அக்காவுக்கு போட்டோ கிடையாது. எங்களிடம் அந்த வசதி இல்லை, அம்மாவுக்கு அதில் சம்மதமும் இல்லை. அக்கா என்று ஒருத்தி இருந்ததற்கு அந்தப் படம் ஒன்றுதான் மிச்சம். வரைந்து நாற்பது வருஷத்துக்குமேல் ஆகிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்கக் கிடைத்தபோது பார்க்க மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

அந்தம்மா பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் டீச்சராக வந்தவர். ஓவியக் கல்லூரிக்குள் நுழைந்த முதல் பெண்களில் ஒருவர், நவீன ஓவியத்துக்கு வழி வெட்டியவர் என்பதெல்லாம் இப்போது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. பெயரும் அதில்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கீழ மூன்றாம் வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தார். எதிர்வீட்டு முன்னறையில் என் தையல் மிஷின். எனக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும்.

வந்த வாரமே துணியோடு வந்தார்.

"ரவிக்கை தைக்கணும். இடது பக்கம் உள்ள ஒரு பாக்கெட் வேணும்."

"ரவிக்கைக்கு எதுக்கு டீச்சர் பாக்கெட்டு? சில்லறைக்குச் சுருக்குப்பை வாங்கிக்கிடுங்க."

"சில்லறைக்கு இல்ல. பென்சிலுக்கு."

"குத்துமே."

"குத்தட்டும். எங்க இருக்குன்னு தெரியும்."

நான் அப்போது வேறொரு ரவிக்கைக்குப் பின்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நின்று பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். தபால்காரர் சம்சாரத்துக்கு என்றேன்.

"அவங்களுக்கு வலது பக்கம் கொஞ்சம் சதை அதிகம் இல்ல?"

எனக்குக் கத்தரி நின்றுவிட்டது. அது தைப்பவளுக்குத்தான் தெரியும். கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரிந்திருக்காது. இவர் ஊருக்கு வந்து ஆறு நாள்கூட ஆகவில்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணிக் குழாய்ல தினம் எனக்கு முன்னால நிக்கறாங்க. வேற எதைப் பாக்கறது?"

அந்தம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். பார்ப்பார். கூச்சநாச்சம் இல்லாமல் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது பதில் வராது. நம் காதுமடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்ததை வரைவார். பார்க்காததை வரைய மாட்டார். கெஞ்சினாலும் மாட்டார், மிரட்டினாலும் மாட்டார். இதனால் அவருக்குக் கெட்டுப்போன காரியங்கள் நிறைய.

ஊரில் ஓர் அரிசி மில்லுக்காரர் இருந்தார். டீச்சர் நன்றாகப் படம் போடுவார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

"காலண்டருக்கு முருகன் படம் ஒண்ணு வேணும் டீச்சர். மயிலு, வேலு, ரெண்டு பக்கமும் அம்மா ரெண்டு பேரு."

"நான் அவரைப் பாத்ததில்லைங்க."

"யாரு பாத்திருக்கா?"

"அப்ப யாரும் வரையாம இருக்கறதுதான் மரியாதை."

மில்லுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. டீச்சர் என்பதால் அடக்கிக்கொண்டார். "சரி விடுங்க. எங்க அப்பாவையாச்சும் வரைஞ்சு குடுங்க. போன வருஷந்தான் தவறினாக."

"அவரையும் பாத்ததில்லையே."

"அந்தா கூடத்துல போட்டோ தொங்குதுல்ல."

அந்தம்மா எழுந்துபோய் போட்டோவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இதை வரையலாம்" என்றார்.

இரண்டு வாரம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வரைந்தார். முடித்துத் திருப்பிக் காட்டியபோது நானும் இருந்தேன். போட்டோவைத்தான் வரைந்திருந்தார். மரச்சட்டம், மூலையில் உரிந்த வார்னிஷ், வாடிய மாலை, கண்ணாடியில் வைத்த குங்குமம் வழிந்த கோடு, பல்புக்குப் போகும் ஒயர், ஒயருக்குப் பக்கத்தில் ஒரு பல்லி. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தார். பெரியவரின் கண், மூக்கு, வாய் எல்லாம் அந்த வெள்ளைக்குள் போய்விட்டன.

"எங்க அப்பா மூஞ்சி எங்க டீச்சர்?"

"அங்க வெளிச்சம் அடிச்சுது. தெரியல."

"பல்லி மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்?"

"அது நல்லாத் தெரிஞ்சுது."

படத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். சந்துவரை நான்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தேன். இப்போது அந்தப் படம் கண்காட்சியின் முதல் அறையில் தனிச் சுவரில் இருக்கிறது. முன்னால் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நான் போன அன்று ஒருவர் அந்தப் பல்லிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை மரம். பிள்ளைகளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தால் இதைத்தான் போடும். நான் போட்டிருக்கிறேன், நீங்களும் போட்டிருப்பீர்கள். அந்தம்மா அதற்கு மார்க் போட மாட்டார். "நம்ம ஊர்ல எந்த ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன் வருது? காட்டு, நானும் வந்து பாக்கறேன்" என்பார். ஒரு பிள்ளை குடுமியான்மலை என்றதாம். அங்கே ஒரு மலைதான் இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேட்டாராம். பரீட்சைக்கு மாம்பழம் வரையச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வந்தது. கார்த்திகை மாதம். மாம்பழம் கிடைக்கவில்லை. கிடைக்கிற பழத்தை வரையுங்கள் என்று ஆளுக்கொரு கொய்யாப்பழத்தைக் கொடுத்துவிட்டார். அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கமும் எழுதினார். 'மாம்பழம் இல்லை' என்று ஒரே வரி.

முதுகு வரைவது தொடங்கியது ஒரு காய்கறிக்காரம்மாவால். சந்துக்குள் கூடை தூக்கிவரும். அந்தம்மா அதை வரையக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். ஒருநாள் அது கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மூஞ்சியத் தர மாட்டேன். முதுகு வேணும்னா பாத்துக்க. வேர்வையத் தவிர அதுல என்ன கெடக்கு?" என்றது. "அது போதும்" என்றார் அந்தம்மா. மாடியில் முக்காலியில் உட்கார வைத்தார். சித்திரை வெயில், தகரக் கூரை. மூன்றாம் நாள் அந்த மனுஷி மயங்கிச் சாய்ந்தது. தண்ணீர் தெளித்துத் தூக்கியவள் நான். அந்தம்மா நின்ற இடத்தில் நின்றார். கழுத்து எப்படி மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நல்லவர் என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். மறுநாள் அந்தம்மா இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு அதன் வீடு தேடிப் போனார் என்பதையும் எழுதிக்கொள்ளட்டும்.

பிறகு பெண்கள் வந்தார்கள். முதுகுதானே என்று வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தம்மா பஸ் ஏறிக் கடலோரத்துக் கட்டுமாவடிக்குப் போவார். தனியாகப் போகிறாரே என்று என்னையும் அனுப்பினாள் அம்மா. அங்கே மீன் விற்கும் பெண்கள் உட்காருவார்களா? அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். அந்தம்மா பின்னாலேயே நடந்தார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் நடந்தார். ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"என்ன டீச்சரம்மா, எம்முதுகுல பாடம் எழுதியிருக்கா? படிச்சுக்கிட்டே வாரீக?"

"திரும்பாதீங்க. பாதி படிச்சுட்டேன்."

"மீதியப் படிக்க நாளைக்கு வாங்க. இன்னைக்கு மீன் நாறிப்போகும்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தம்மாவும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அதை யாரும் வரையவில்லை.

என் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுக்கு இடது தோள் இறங்கியிருக்கும். பிறவியில் வந்ததில்லை. எட்டு வயதிலிருந்து தண்ணீர்க் குடம் அந்தப் பக்கம், நானும் அந்தப் பக்கம். நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அவள் அன்றைக்கும் வழக்கம்போல மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொடுப்பாள்.

அவளைத்தான் அந்தம்மா கேட்டார். அம்மாவுக்கு விருப்பமில்லை. கல்யாணமாகாத பெண். ஆனால் நாங்கள் வாடகை வீட்டில் இருந்து தையல் கூலியில் பிழைப்பவர்கள். டீச்சர் எனக்கு நிறைய வேலை பிடித்துக்கொடுத்தவர். கடைசியில் அம்மா ஒரு கட்டுப்பாடு போட்டாள். "மொகத்தப் பாக்கக் கூடாது டீச்சர். முன்னால வரவே கூடாது. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அந்தம்மா சரி என்றார். இருபது நாள். அக்கா மாடி ஏறி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் உட்கார்ந்து, அம்மா "ம்" என்று சொன்ன பிறகுதான் திரும்புவார். முடிந்ததும் அக்கா இறங்கிப் போகும்வரை மறுபடி ஜன்னல். அம்மாவே ஒருநாள், "தண்ணியாச்சும் வாங்கிக் குடிங்க டீச்சர், அவ நேரா நின்னு குடுத்தா ஒண்ணும் ஆயிராது" என்றாள். "சொன்னது சொன்னதுதான்" என்று முதுகைக் காட்டியபடியே டம்ளரை வாங்கினார்.

அந்த வருஷமே அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அறந்தாங்கிப் பக்கம். நல்ல மனுஷன். இரண்டாம் வருஷம் மஞ்சள்காமாலை வந்து, மருந்து கட்டி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எல்லாம் முடிந்தது.

பதினாறாம் நாள் காரியம் ஆனதும் நான் மாடி ஏறினேன்.

"டீச்சர், எங்கக்கா மொகத்த வரைஞ்சு குடுங்க. இப்பச் சட்டம் போடலாம்ல."

அந்தம்மா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "நான் அவ மொகத்தைப் பாக்கலையே" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. ஒரே சந்துல இருந்தோம்."

"வரப்போகப் பாத்திருக்கேன். வரையறதுக்காகப் பாக்கல. அது வேற."

"ஞாபகத்துல இருக்கிறதப் போடுங்க. மூக்கு முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல."

"அது அவளா இருக்காது. நானாப் போட்டதா இருக்கும். நீ அதை அக்கான்னு வச்சுக் கும்பிடுவே. அஞ்சு வருஷத்துல நெஜ மொகம் போயிடும், என் படந்தான் நிக்கும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." சுவரோரம் திருப்பி வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினார். "அது அவதான். அதை எடுத்துக்க."

"எங்கக்கா முதுக வச்சு நான் என்ன பண்ண? பொட்ட எங்க வைக்க?"

நான் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதே சந்தில் இருந்தோம். நான் பேசவில்லை. அவர் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றபோது, வேலை நிறைய இருக்கிறது என்று தலை நிமிராமல் சொன்னேன். ஊரில் வேறு தையல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர் யாரிடமும் போகவில்லை. நான் தைத்ததையே துவைத்துத் துவைத்துப் போட்டார். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பின்னாலிருந்து பார்ப்பேன். வலது கைக்குழியில், கையை உடம்போடு மூட்டுகிற இடத்தில், தையல் விட்டுப் போயிருக்கும். அடுத்த மாதம் இன்னும் ஒரு விரல் அதிகம் விட்டிருக்கும். இரண்டு நிமிட வேலை. கூப்பிட்டு நிறுத்தி ஊசியால் நான்கு இழுப்பு இழுத்திருக்கலாம். கூப்பிடவில்லை. இப்போது மிஷினில் உட்கார்ந்தால் சில நாள் அந்தக் கைக்குழி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

பிறகு அவரை மாற்றிவிட்டார்கள். போகிற அன்று காலையில் சாக்கில் சுற்றிய படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் நிழல் கதவுக்கடியில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அந்தம்மா சொன்னதில் ஒன்று மட்டும் தப்பு. படம் மாட்டினால் நிஜ முகம் மறந்துபோகும் என்றார். படம் மாட்டாமலேயே மறந்துபோயிற்று. மூக்குத்தி ஞாபகம் இருக்கிறது, மூக்கு இல்லை. எந்த வருஷத்திலிருந்து இல்லை என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. அக்கா என்று நினைத்தால் எனக்குத் தெரிவது அந்த இறங்கிய தோள்தான்.

இந்த வருஷம் மியூசியத்திலிருந்து ஒரு பெண் தேடிக்கொண்டு வந்தது. முப்பது வயது இருக்கும், கையில் அகலமான டேப்லெட்.

"பாட்டி, இந்த ஓவியங்கள்ல இருக்கறவங்க யாருன்னு தெரியுமா?"

"பாட்டிங்காத. அக்கான்னு கூப்புடு. ஊரே அப்படித்தான் கூப்பிடுது."

அது ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டியது. எல்லாவற்றுக்கும் கீழே 'பெயரற்ற பெண்' என்று போட்டு ஒரு நம்பர். எனக்குக் கோபம் வந்தது. பெயரில்லாமல் யார் இருக்கிறார்கள்? ரவிக்கையைப் பார்த்து நான் ஒவ்வொருத்தியாகச் சொன்னேன். இந்தக் கழுத்து தபால்காரர் சம்சாரம். இந்தப் பட்டி நான் கோணலாக வைத்துப் பிறகு திட்டு வாங்கியது. பதினோரு பேர். அது எழுதிக்கொண்டே வந்தது. அந்தம்மா எப்படி இருப்பார், எங்களிடம் ஒரு மங்கலான போட்டோதான் இருக்கிறது என்றது. நான் யோசித்துப் பார்த்தேன். "தோள் பதினாலு, முதுகு எறக்கம் பதிமூணரை" என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை.

அக்காவின் படம் அந்த டேப்லெட்டில் இல்லை. சொன்னதும் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தது. முக்காலியில் ஒரு பெண், பச்சை ரவிக்கை, பக்கத்தில் வேறொரு அம்மாவின் முழங்கை மட்டும் தெரியும், அதுவா என்று கேட்டது. அதுதான். எங்கள் அம்மாவின் முழங்கை. அந்தம்மா சாகும்வரை யாருக்கும் கொடுக்காமல் தன் அறையிலேயே வைத்திருந்த படமாம். உறவுக்காரர் ஒருவரிடம் இருக்கிறது, கண்காட்சி தொடங்கும்போது வந்துவிடும் என்றது.

ரயிலேறிப் போனேன். கடைசி அறை. அந்தப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தியது.

பச்சை ரவிக்கை நான் தைத்ததுதான். கொண்டை அவள் கொண்டைதான். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் அந்த மச்சம். அம்மாவின் முழங்கை, அதில் அடுப்பு சுட்ட தழும்பு. ஆனால் தோள் நேராக இருந்தது. இரண்டு தோளும் ஒரே மட்டம்.

"இது எங்கக்கா இல்ல" என்றேன்.

"என்னக்கா சொல்றீங்க?"

"எங்கக்காவுக்குத் தோள் எறங்கியிருக்கும். டீச்சர் பொய்யா வரைஞ்சிட்டாங்க."

சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை. முருகனுக்கு முடியாது, மில்லுக்காரர் அப்பாவுக்கு முடியாது, என் அக்கா முகத்துக்கு முடியாது என்ற மனுஷி, கடைசியில் தோளை அழகுக்காக நிமிர்த்தி வைத்திருக்கிறார். இத்தனை வருஷக் கோபத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன்.

இடது தோள் தையலில் இரண்டு வரிசை இழை இருந்தது. வலது பக்கம் ஒரு வரிசைதான். இடது பக்கம் துணி கொஞ்சம் உப்பியிருந்தது. அந்த உப்பலின் ஓரம்கூட விடாமல் வரைந்திருந்தார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறந்தே போயிருந்தேன். அந்த ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தவள் நான். மூன்றாவதாகப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, அரை விரல் கனத்துக்குப் பஞ்சை மடித்து, லைனிங்கில் பொதிந்து, மிஷினில் இரண்டு ஓட்டு ஓட்டி, இரண்டு தோளையும் மட்டமாக்கினேன். படத்துக்கு உட்காரவும் அதையே போட்டு அனுப்பினேன். முதல் நாளே அந்தம்மா இறங்கி வந்து கேட்டார்.

"தோள்ல என்ன வச்சிருக்கே?"

"ஒண்ணும் வைக்கலையே."

"அவ தெருவுல நடக்கறப்ப இப்படி இல்ல. அதை எடுத்துட்டு உக்காரச் சொல்லேன்."

"எடுக்க மாட்டேன். நாளைக்கு நாலு பேரு அந்தப் படத்தப் பாத்தா எங்கக்காவ எவன் கட்டுவான்?"

அந்தம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நீ தைச்சதுதான் வரும்" என்றார்.

வந்திருக்கிறது. பஞ்சோடு வந்திருக்கிறது. அந்த மாப்பிள்ளை கல்யாணமான மறுவாரமே தோளைக் கண்டுபிடித்துச் சிரித்தாராம். அக்காதான் வந்து சொன்னாள். "அவுக முன்னாலயே பாத்துட்டாகளாம்டி. கோயில்ல வச்சு ஒளிஞ்சிருந்து பாத்தாகளாம். ஒன் பஞ்செல்லாம் தெண்டம்." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

அந்தப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டது. நான் உட்காரவில்லை. படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினேன்.

"இதுலயும் பெயரற்ற பெண்ணுன்னு போட்டிருக்கு. வள்ளிக்கண்ணுன்னு எழுது."

"கண்டிப்பா மாத்தறோம்க்கா."

"அதுக்குக் கீழ இன்னொண்ணும் எழுதணும். எடது தோள் எறங்கியிருக்கும், தங்கச்சி பஞ்சு வச்சுத் தைச்சுட்டா, வரைஞ்சவங்க மேல தப்பில்லைன்னு எழுது."

அந்தப் பெண் தயங்கியது. அட்டையில் இடம் இல்லை, இரண்டு வரிதான் வரும், மேலே கேட்க வேண்டும் என்றது. என்ன அளவு, எந்தத் துணி, என்ன வர்ணம் என்றெல்லாம் போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றது. நல்ல பெண்தான். ஆனால் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்கள் சொன்னதில்லை.

வந்து மூன்று வாரம் ஆகிறது. போன் வரவில்லை. மறுபடி அவ்வளவு தூரம் போக எனக்கு முழங்கால் இடம் கொடுக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கண்காட்சி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் என்கிறார்கள். நீங்கள் போனால் கடைசி அறைக்குப் போங்கள். பச்சை ரவிக்கை போட்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அட்டையில் என்ன போட்டிருந்தாலும் சரி. அந்தம்மாவுக்குத் தோளை மாற்றி வரைய முடியாது, பார்த்ததைத்தான் போடுவார். நீங்களாவது அந்த இடது தோளைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.